பிள்ளையை லண்டனுக்கு அனுப்ப முன் காசுக் கணக்கைப் பேசுவோம்



ஏ.எல். முடித்து ஒன்றிரண்டு வருடத்தில் "லண்டனுக்குப் படிக்கப் போறேன்" என்று சொல்லும் பிள்ளைகள் நமது ஊர்களில் கூடிவிட்டார்கள். போகட்டும், நல்ல விடயம். ஆனால் விசா, டிக்கெட், குளிர் உடுப்பு என்று எல்லாம் பேசும் நாம் காசுக் கணக்கை மட்டும் பேசுவதில்லை.

முதலாவது, 'ஷோ மணி'. பிரித்தானிய மாணவர் விசாவுக்கு, படிப்புக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கான காசும் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். 2025 ஆரம்பத்தில் அது லண்டனுக்கு மாதம் 1,483 ஸ்டேர்லிங் பவுண், வெளி நகரங்களுக்கு 1,136. ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். இதை வட்டிக்கு எடுத்துப் போட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வட்டி ஹராம் என்று தெரிந்த வீடுகளிலும் இது நடக்கிறது. அதோடு, காட்டச் சொல்வது பிள்ளை அங்கே சாப்பிட வேண்டிய காசு. அதைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை வெறுங்கையோடுதான் விமானம் ஏறுகிறது.

"அங்க போய் உழைச்சிக்கொள்ளலாம்" என்கிறோம். கணக்கைப் பாருங்கள். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் 21 வயதானவர்களுக்கு ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுணாக இருந்தது. அந்தக் கணக்கில் நாலு வாரம் உழைத்தாலும் 976 பவுண் அளவில்தான் வரும். லண்டனை விடுங்கள், வெளி நகரத்துக்குச் சொன்ன 1,136க்கே அது காணாது. இதில் கடன் கட்டுவது எங்கே, தங்கச்சியின் கலியாணத்துக்கு அனுப்புவது எங்கே? நாம் நெருக்கினால் பிள்ளை 20 மணித்தியாலத்தைத் தாண்டி வேலை செய்யும். பிடிபட்டால் விசாவே போய்விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கையில் காசில்லாத பிள்ளையிடம்தான் ஒருவர் வந்து, "உன்ட எக்கவுண்டுக்குக் கொஞ்சம் காசு வரும், இன்னொரு எக்கவுண்டுக்குப் போட்டுவிடு, கமிஷன் தாறேன்" என்பார். வருவது மோசடிக் காசாக இருக்கலாம். வங்கி எக்கவுண்டை மூடிவிடும். மோசடிப் பதிவில் பெயர் ஏறினால் ஆறு வருடம் வரை இருக்கும். காசு வெள்ளையாக்கும் குற்றத்துக்கு அங்கே 14 வருடம் வரை சிறை. உண்டியல்காரருக்காக எக்கவுண்டைக் கொடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. கேட்பவர் சொந்தக்கார மச்சானாக இருந்தாலும் "இல்லை" என்று சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள்.

ஆசிரியர்களாக நாங்கள் கேட்பது நான்கு விடயம்:

1. போக முன் மூன்று மாதம் வீட்டுச் செலவுக் கணக்கைப் பிள்ளையே எழுதட்டும்.

2. கட்டணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காமல் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகக் கட்டுங்கள். பற்றுச்சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

3. அங்கே வங்கி எக்கவுண்டு திறக்கச் சில வாரம் ஆகலாம். பல்கலைக்கழகக் கடிதமும், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் முதல் இரண்டு மாதக் காசும் தயாராக இருக்க வேண்டும்.

4. முதல் வருடம் பிள்ளையிடம் ஒரு சதமும் எதிர்பார்க்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் வசதி இல்லையென்றால் ஒரு வருடம் பொறுப்பது வெட்கமில்லை. காணியை விற்றுக் கடனோடு அனுப்பி, பிள்ளை அங்கே பசியோடு இருந்துகொண்டு "நல்லா இருக்கேன் உம்மா" என்று பொய் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அடுத்து போகப்போகிற பிள்ளைகள் வாசிப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.