புத்தளத்திற்கு வழி தெரியாதா?

வட்டுக்கோட்டையிலும் அதன் அயற் கிராமங்களிலுமுள்ள பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாப் பேருந்துகள் புறப்படுகின்றன. கண்டி, நுவரெலியா, சீகிரியா, கொழும்புக் கடற்கரை, மிருகக்காட்சிச்சாலை! பிள்ளைகள் பாடிக்கொண்டு போகிறார்கள். தேயிலைத் தோட்டத்தின் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அத்தோட்டத்து லயத்தில் வாழும் தமிழன் எதை உண்டு உயிர் வாழ்கிறான் என்று கேட்டு வந்த பிள்ளை எத்தனை? அது வேறு கதை. பிறிதொரு கிழமை எழுதுவோம். இன்று நாம் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தப் பேருந்துகளுள் ஒன்றேனும் புத்தளம் தில்லையடிப் பக்கம் திரும்பியதுண்டா?

"புத்தளத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? உப்பளந்தானே!" என்றார் ஓர் ஆசிரிய நண்பர்.

புத்தளத்திலே பார்ப்பதற்கு யாழ்ப்பாணம் இருக்கிறது, ஐயா! சோனகதெருவின் யாழ்ப்பாணம் இருக்கிறது. ஸ்ரான்லி வீதியில் இரும்புக் கடை வைத்திருந்தவரின் யாழ்ப்பாணம், ஒஸ்மானியாக் கல்லூரியிலும் கதீஜாப் பாடசாலையிலும் படித்த பிள்ளைகளின் யாழ்ப்பாணம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் காலை ஒலிபெருக்கியில் அழைப்பு வந்தது; வீட்டுக்கு ஒருவர் ஒஸ்மானியா மைதானத்தில் கூடவேண்டும் என்றார்கள். கூடியவர்களிடம், இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டு வெளியேறுக என்றார்கள். தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்த பொருளை விட்டு, வழியில் நிறுத்திச் சோதித்தவரிடம் நகையையும் பணத்தையும் கொடுத்து, குழந்தைகளைத் தோளிற் போட்டுக்கொண்டு அவர்கள் போனார்கள். சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு முன்னரே விரட்டப்பட்டிருந்தனர். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து மாவட்டங்களிலுமிருந்து சில நாட்களுள் வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். அவர்களுட் பெரும்பாலோர் தங்கியது புத்தளத்திலே. அன்று கைக்குழந்தையாய்த் தூக்கிச் செல்லப்பட்டவர் இன்று தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர்.

இதைச் செய்தவர் விடுதலைப் புலிகள். சிங்கள அரசன்று, இராணுவமன்று. பெயரைச் சொல்லாமல் 'அசம்பாவிதம்' என்றும் 'துரதிர்ஷ்டம்' என்றும் எழுதும் பேனாக்களைக் கண்டு எமக்கு அலுத்துவிட்டது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளர் முன்னிலையில் அன்ரன் பாலசிங்கமே இது தவறு என ஒப்புக்கொண்டார். தலைமையே ஒப்பியதை நம்மூர்ப் பெரியவர்கள் இன்னும் ஒப்ப மறுப்பதேன்?

வாசகர்களே, கடலுக்கு அப்பால் ஒரு சம்பவம் சொல்வோம். ஜெருசலேமிலுள்ள அல்குத்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம்மது தஜானி என்றொரு பேராசிரியர் இருந்தார். இளமையில் பத்தா இயக்கத்தில் இருந்தவர். இஸ்ரேலின் நண்பர் என்று அவரை எவரும் சொல்ல முடியாது. 2014 மார்ச்சில் அவர் இருபத்தேழு பலஸ்தீன மாணவரைப் போலந்து நாட்டின் அவுஷ்விற்சுக்கு அழைத்துச் சென்றார். ஹிட்லரின் ஆட்கள் ஏறத்தாழப் பத்து இலட்சம் யூதர்களைக் கொன்ற இடம் அது. அதே திட்டத்தின் மறுபாதியாக, இஸ்ரேலிய யூத மாணவர்கள் பெத்லகேம் அருகிலுள்ள தெய்ஷே அகதி முகாமுக்குச் சென்று, 1948இல் ஊரிழந்த பலஸ்தீனரின் வாய்மொழியைக் கேட்டனர். ஒவ்வொரு பக்கத்தாரும் போனது எதிர்ப்பக்கத்தாரின் துயரம் கிடந்த இடத்திற்கு! கைகுலுக்கலும் விருந்தும் படப்பிடிப்பும் ஏற்பாடு செய்வது எளிது. இதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அதற்கு அவர் பெற்ற பரிசு யாது? துரோகிப் பட்டம். பல்கலைக்கழகம், இது அவருடைய சொந்தக் காரியம் என்று கைகழுவியது. அவர் பதவி துறந்தார். 2015 தொடக்கத்தில் அவருடைய காரையும் எரித்தார்கள். துரோகி என்ற அந்தச் சொல்லை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? தமிழ் மண்ணில் அந்தச் சொல்லுக்கு எத்தனை உயிர் பலியாயிற்று என்று கணக்கெடுக்க ஒரு கிழமைப் பத்திரிகை போதாது.

இத்தகைய பயணங்கள் மந்திரக்கோல் என்று நாம் சொல்ல வரவில்லை. 1993இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இஸ்ரேலிய, அரபுப் பிள்ளைகளை ஒன்றாய்த் தங்கவைத்து முகாம் நடத்தத் தொடங்கினார்கள். 'சமாதான விதைகள்' என்பது அதன் பெயர். அதில் கலந்துகொண்ட பதினேழு வயது அரபு இளைஞன் ஒருவன் 2000 ஒக்டோபரில் இஸ்ரேலியப் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானான். அந்த முகாமின் சட்டை அவன் உடலில் இருந்தது. அதிகாரம் ஒரு பக்கமும் அடக்குமுறை மறுபக்கமும் இருக்க, பிள்ளைகளை மட்டும் சேர்ந்து பாடச் சொல்வதால் நீதி பிறந்துவிடாது. ஆயினும் தெரியாமலிருப்பதால் யாது பிறக்கும்? 2023 ஒக்டோபருக்குப் பின் காசாவில் நடந்தவற்றை உலகம் கண்டது.

யூதர் கதை நமக்கு ஏன் என்பீரோ? நமக்கும் அதற்கும் பழைய தொடர்பு உண்டு. பெருமைப்படத் தக்க தொடர்பன்று. 'யூதன் தனக்கொரு நாடு கண்டான், தமிழனும் காண்பான்' என்று மேடைதோறும் முழங்கினோம். அதே வேளையில் எழுபதுகளில் ஈரோஸ் இளைஞர் லெபனானில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தாரிடம் ஆயுதப் பயிற்சி பெற்றனர். 1984இல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்தினுள் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு திறக்கப்பட்டது. இஸ்ரேலிய ஆலோசகர் வந்து அரசின் படைகளுக்குப் பயிற்சி அளித்தனர். முஸ்லிம் மக்கள் அதை எதிர்த்துக் குரலெழுப்பினர். ஆக, துப்பாக்கி கற்பதற்கு நாம் பலஸ்தீனத்தாரிடம் போனோம். நம்மைச் சுடக் கற்பிப்பதற்கு இஸ்ரேலியர் வந்தனர். அக்காலத்துக் கல்விச் சுற்றுலா அதுதான்! துயரைக் கற்பதற்கு எவரும் எங்கும் போகவில்லை.

இனி வட்டுக்கோட்டைக்கு வருவோம். இவ்வூருக்கு நாம் ஏன் சொல்கிறோம் என்றால், இவ்வூருக்குச் சொல்வதற்கு உரிமை தரும் வரலாறு இருக்கிறது. 1823இல் இங்கே செமினரி எழுந்தது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் கடல் கடந்து, புதிதாய்த் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியிலே ஹன்டி பேரின்பநாயகம் ஆசிரியராயிருந்தார். 1924இல் அவரும் தோழரும் தொடக்கிய மாணவர் காங்கிரஸ் 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு அழைத்தது. 1931இல் நேருவை வரவேற்றது. தெற்கிலிருந்து சிங்களத் தலைவர்களை அழைத்து இவ்வூர்ப் பிள்ளைகளின் முன்னே பேசவைத்தது. சாதி பாராது ஒருங்கிருந்து உண்ணவேண்டும் என்றது. விருந்தாளியை அழைப்பதும் வேற்றாரைக் கேட்பதும் இம்மண்ணிற்குப் புதியனவல்ல.

1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்திலே தந்தை செல்வா தலைமையில் அந்தத் தீர்மானம் நிறைவேறிற்று; இவ்வூரின் பெயர் உலக வரலாற்றில் ஏறிற்று. அதற்கு முன்னரும் பின்னரும் நம் மேடைகளில் ஒலித்த சொல் யாது? தமிழர் என்று மட்டுமா சொன்னோம்? 'தமிழ் பேசும் மக்கள்' என்றோம். முஸ்லிம்களையும் சேர்த்துக்கொள்வதற்காகவே அந்தச் சொல்லைத் தேடி எடுத்தோம். அதை நம்பிக் கிழக்கிலே முஸ்லிம் வாக்காளரும் தமிழரசுக் கட்சிக்கு வாக்களித்த காலம் இருந்தது. தீர்மானம் நிறைவேறிப் பதினைந்து ஆண்டுகளுள், அந்தத் தமிழ் பேசும் மக்களுள் ஒரு பகுதியினரை மற்றொரு பகுதியினரின் பெயரால் ஊர்விட்டு ஓட்டினார்கள். நாம் எல்லோரும் வீட்டினுள் இருந்தோம். அயலவர் சிலர் வேலியோரம் நின்று அழுதனர் என்று போனவர்களே சொல்கின்றனர். அதுவொன்றே நமக்கு மிச்சமிருக்கும் மானம்.

முஸ்லிம் நம்மை அறியாதவனா? வண்ணார்பண்ணையில் 1911இற் பிறந்து, வைத்தீசுவர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் படித்து, பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானவர் ஏ. எம். ஏ. அஸீஸ். அந்த ஸாஹிராவிலே படித்தவர் கரவெட்டிக் கார்த்திகேசு சிவத்தம்பி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதியவர் யாவர்? கல்முனைப் பக்கத்து எம். ஏ. நுஃமான். நம் பல்கலைக்கழகத்திலே கற்பித்தவர். பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. நூலகத்திற்காக அழுத நம்மிற் பலருக்குச் சொல் கொடுத்தவர் ஒரு முஸ்லிம். அவர் சமூகம் ஊரிழந்தபோது நாம் கொடுத்த சொல் எது?

மறுப்புகள் வரும், வரட்டும். "பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்?" என்பார் ஒருவர். முள்ளிவாய்க்காலை மறவோம் என்று ஆண்டுதோறும் விளக்கேற்றும் நாம் இதைக் கேட்கலாமா? நம் புண்ணுக்கு ஞாபகம், பிறர் புண்ணுக்கு மறதியா? "முஸ்லிம்கள் தம்மைத் தமிழர் என்று சொல்ல மறுக்கின்றார்களே" என்பார் இன்னொருவர். தம் பெயரைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு உண்டு. அதற்காக வீட்டை விட்டுத் துரத்தலாம் என்று எந்த நூல் சொல்கிறது? "செய்தவர் ஆயுதம் வைத்திருந்தவர், நாமல்ல" என்பார் மூன்றாமவர். சரி, அப்படியானால் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று அதையே அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்களேன்! சொல்லும்போது நா எழுகிறதா என்று பார்ப்போம்.

"கிழக்கிலே முஸ்லிம்களால் தமிழரும் துன்புற்றனரே" என்ற கேள்வியை மட்டும் நாம் மதிக்கிறோம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆகஸ்டில் வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர்; ஊர்காவற்படையினரை அவ்வூரார் இன்றும் குற்றஞ் சாட்டுகின்றனர். ஆகவே பயணம் இருவழியாயிருத்தல் வேண்டும். தஜானியின் திட்டத்தில் அவுஷ்விற்சும் இருந்தது, தெய்ஷேயும் இருந்தது. வட்டுக்கோட்டைப் பிள்ளை தில்லையடியில் ஒரு வீட்டிலே இரண்டு நாள் தங்கி, அந்த வீட்டுப் பாட்டி தன் திறப்பைக் காட்டிச் சொல்வதைக் கேட்கட்டும். காத்தான்குடிப் பிள்ளை வீரமுனைக்குப் போகட்டும். புத்தளத்துப் பிள்ளை வட்டுக்கோட்டைக்கு வந்து, இராணுவம் எடுத்த காணியையும், காணாமற்போன மகனின் படத்தை வைத்திருக்கும் தாயையும் காணட்டும். உணவிலே ஹலால் பார்ப்பதும், மரக்கறி உண்பவருக்கு வேறு கறி வைப்பதும் வீட்டுப் பெண்கள் ஒரு நாளிலே தீர்த்துவிடுவார்கள். மாநாடு கூட்டும் ஆண்களுக்குத்தான் அது பெரிய சிக்கல்.

தூரம் ஒரு சாட்டு. வவுனியா, அனுராதபுரம் தாண்டிச் சென்றால் ஒரு பகற்பொழுதுப் பயணம். நுவரெலியாவுக்குப் போக முடிந்த பேருந்துக்குப் புத்தளம் எட்டாதா? அத்தனை தூரமும் வேண்டாமென்றால், அராலிப் பாதையிலே கல்லுண்டாய் வெளியைக் கடந்து நகருக்குள் வருகிற பிள்ளைக்குச் சோனகதெரு கூப்பிடு தூரம். போருக்குப் பின் திரும்பி வந்து நிலைகொண்டவர்கள் போனவர்களில் ஒரு சிறு பகுதியினரே. காணி எல்லை, வீட்டுத்திட்டம், வாக்காளர் பதிவு என்று அலுவலகம் அலுவலகமாய் அலைகிறார்கள். நம் அலுவலர் சிலர் அவர்களை விருந்தாளியைப் போற் கூட அல்ல, ஊடுருவ வந்தவரைப் போற் பார்க்கின்றனர். ஒஸ்மானியா மீண்டும் இயங்குகிறது. துடுப்பாட்டப் போட்டிக்கு அங்கே ஓர் அணியை அனுப்புவதற்கு எந்த அமைச்சரின் அனுமதி வேண்டும்?

அதிபர்மாரே, பழைய மாணவர் சங்கத்தாரே! ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இராப்போசன விருந்து நடத்திப் பணம் சேர்த்து மணிக்கூட்டுக் கோபுரமும் நுழைவாயில் வளைவும் கட்டித் தருகிறீர்கள். வளைவுகள் போதும். அடுத்த தவணை விடுமுறைக்குப் பேருந்து பிடிக்கும் ஆசிரியரின் கையில் அந்தப் பணத்திற் சிறிது கொடுங்கள். விண்ணப்பத்தில் 'செல்லுமிடம்' என்ற வரிக்கு நேரே புத்தளம் என்று எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாடசாலை முதலில் எழுதுகிறது என்று அறிய நாம் காத்திருக்கிறோம். எழுத மறுத்தவர் என்ன காரணம் சொன்னார் என்பதையும் இப்பத்தியிலேயே வெளியிடுவோம்.