திருச்சபைகளும் சமுதாய மேம்பாடும்

ஒரு சமயத்தார் ஆற்றிய நற்பணியை மற்றொரு சமயத்தார் மனமுவந்து எடுத்துரைப்பது தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. வீரமாமுனிவரின் சதுரகராதியையும், கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தையும், போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பையும் நம் தமிழ் வகுப்பறைகளில் நன்றியோடு கற்பிக்கின்றோம். ஆயினும் கிறித்தவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டைப் பேசும் அளவிற்கு, அவர்தம் திருச்சபைகள் தமிழ் மக்களின் வாழ்விற்குச் செய்த தொண்டை நாம் பேசுவதில்லை. அத்தொண்டு எவ்வாறு வேரூன்றியது, எங்கே குறையுற்றது, நம்போன்ற நிறுவனங்கள் அதனின்று கற்கத்தக்கது யாது என்பவற்றை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

ஓர் இரவில் நேர்ந்த மூன்று இறப்புகள்

1890களின் தொடக்கம். திண்டிவனத்தில் மருத்துவத் தொண்டு புரிந்துவந்த அமெரிக்கச் சமயத் தொண்டர் ஒருவரின் வீடு. நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ள அமெரிக்காவினின்று வந்திருந்தார் அவர் மகள் ஐடா ஸ்கடர். ஓர் இரவில் ஒருவர்பின் ஒருவராக மூவர் அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர்; ஒருவர் இசுலாமியர்; மற்றொருவர் வேறோர் இந்துக் குலத்தவர். மூவர் மனைவியரும் பேற்று நோவால் துன்புற்றுக் கொண்டிருந்தனர். ஐடா தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையார் மருத்துவர் என்றும் கூறினார். ஆண் மருத்துவர் தம் மனைவியைக் காண்பதற்கு மூவருமே இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் உயிர் நீத்தனர்.

ஐடா அம்மையாரின் வாழ்க்கையை எழுதிய அனைவரும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி இது. இதனைப் படிக்கும் நாம் அம்மூவருள் ஒருத்தி நம் வீட்டுப் பெண் என்பதை மறத்தல் ஆகாது. பேற்று நோவு அவர்களைத் துன்புறுத்தியது. மருத்துவம் கற்ற பெண் ஒருத்தி அவ்வூரில் இல்லாமையே அவர்கள் உயிரைப் பறித்தது.

சமயத் தொண்டில் நாட்டமின்றி இருந்த அவ்விளம்பெண் அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்றார். 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் சிறியதோர் அறையில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. தாம் ஒருவரே எத்தனை பேருக்கு மருத்துவம் செய்ய இயலும் என்று எண்ணிய அவர், 1909இல் செவிலியர்க்குப் பயிற்சிப் பள்ளியும், 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் நிறுவினார். 1942இல் அது பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாயிற்று. 1947இல் ஆண்களும் அதில் சேர்க்கப்பட்டனர். 1940களின் பிற்பகுதியில் பால் பிராண்டு என்னும் மருத்துவர் தொழுநோயால் முடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்ததும் அங்கேதான். ஊரார் தொட அஞ்சிய கைகள் உழைக்கும் கைகளாயின.

ஐடா அம்மையார் 1960இல் மறைந்தார்; மருத்துவமனையோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. திருச்சபைத் தொண்டின் உயிர்நிலையை இங்கே காணலாம். ஒருவர் செய்யும் உதவி அவரோடு முடிந்துவிடும். அவ்வுதவியைச் செய்யப் பிறரைப் பழக்கும் நிறுவனமோ தலைமுறைகளைக் கடந்து நிற்கும்.

மணலில் தொடங்கிய கல்வி

இம்முறை வேலூரில் தோன்றியதன்று. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியராகிய சீகன்பால்கு, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கற்றவர் கற்பிக்கவும் தொடங்கினார். ஆண் குழந்தைகளுக்கு மட்டுமன்றிப் பெண் குழந்தைகளுக்கும் பள்ளி அமைத்தார். அச்சுப்பொறியை வரவழைத்து, 1715இல் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முழுமையாக அச்சேற்றினார். தாம் வந்த கப்பலுக்குரிய டேனிசு நாட்டின் கோட்டை அதிகாரியே அவரைச் சில திங்கள் சிறையில் அடைத்தான் என்பதும் வரலாறு. சமயத் தொண்டர் அனைவரும் ஆள்வோரின் ஏவலர் என்று பொதுப்படக் கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அவர் வழியில் வந்த சுவார்ட்சு ஐயர் தஞ்சையிலும் பிற பகுதிகளிலும் பள்ளிகளை வளர்த்தார். அவர்தம் நேர்மையை நம்பி, 1779இல் ஆங்கிலேயரின் தூதராக வந்த அவரை மைசூர் வேந்தர் ஐதர் அலி மதிப்போடு வரவேற்றார். அவர் பெயர் தாங்கிய இராமநாதபுரம் உயர்நிலைப் பள்ளியில், பின்னாளில் இராமேசுவரத்து இசுலாமியக் குடும்பத்துச் சிறுவர் ஒருவர் பயின்றார். அங்கிருந்து திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரிக்குச் சென்றார். அவரே 2002 முதல் 2007 வரை நம் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் அப்துல் கலாம். தொழுகையை விடாத அம்மாணவரைத் திருச்சபையின் வகுப்பறை வளர்த்து நாட்டிற்கு அளித்தது.

நெல்லைச் சீமையில் பாளையங்கோட்டை கல்வி நகராக மலர்ந்ததும் இவ்வாறே. இங்கிலாந்தில் வாழ்ந்த சாராள் டக்கர் என்னும் பெண்மணியின் பெயரால் அமைந்த பெண்கள் நிறுவனம் 1895இல் கல்லூரியாக உயர்ந்தது. கண்பார்வையற்றோர்க்கும் செவித்திறனற்றோர்க்கும் அதே நகரில் 1890களில் தனித்தனிப் பள்ளிகள் எழுந்தன. அந்நாளில் இக்குழந்தைகள் கல்வி பெறுதல் கூடும் என்று எண்ணியவரே அரியர். கல்வி மணம் பரவிய அந்நகரில்தான் 1971இல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் தோன்றியது. ஒருவர் ஏற்றிய விளக்கில் மற்றொருவர் தம் விளக்கை ஏற்றிக்கொண்டால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை.

தென் திருவிதாங்கூரில் திருச்சபை மற்றொரு வகையிலும் துணை நின்றது. அங்கே சாணார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமையின்றி இழிவுற்றனர். கல்வி கற்றதால் தம் மதிப்பை உணர்ந்த அப்பெண்கள் தாமே மேலாடை அணிந்து வெளிவந்தனர், அடியுண்டனர், ஆடை கிழிக்கப்பட்டனர். இலண்டன் திருச்சங்கத்தார் அவர்கள் பக்கம் நின்று அரசுக்கு முறையிட்டனர். 1859இல் அவ்வுரிமையை ஓரளவு ஏற்கும் ஆணை பிறந்தது. போராடியவர் அப்பெண்களே. அவர்களுக்கு நிமிர்ந்து நிற்கும் துணிவைத் தந்ததில் பள்ளிக்கூடத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

இரு குறைகள்

நிறைகளை மட்டும் கூறின் அது புகழுரையாகும். திருச்சபைத் தொண்டின்மீது சாற்றப்படும் குறைகள் இரண்டு.

முதலாவது, தொண்டு சமய மாற்றத்திற்குக் கருவியாயிற்று என்பது. இதனை முற்றிலும் மறுத்தல் இயலாது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சக் காலத்தில் நெல்லைச் சீமையில் பல்லாயிரவர் திருச்சபையை நாடினர். அவர்கள் நாடியது இறைவனையா, கஞ்சியையா என்ற வினா அன்றே எழுந்தது. ஆயினும் நாம் மற்றொரு வினாவையும் கேட்டல் வேண்டும். பசித்தவனுக்கு அவனுடைய ஊரார் ஏன் கஞ்சி வார்க்கவில்லை? எழுத்தறிய விரும்பியவனுக்கு ஊர்ப் பள்ளி ஏன் கதவடைத்தது? அயலார் வந்து திறந்த கதவைப் பழிக்குமுன், நாம் அடைத்து வைத்த கதவுகளை எண்ணிப் பார்த்தல் நேர்மை. தொண்டு செய்வோரின் உள்ளக்கிடக்கையை இறைவனே அறிவான். மதம் மாறாதவர்க்கும் அதே மருந்தும் அதே பாடமும் கிடைத்தனவா என்பதே நாம் அறியத்தக்க அளவுகோல். வேலூர் மருத்துவமனையும் இராமநாதபுரத்து வகுப்பறையும் அவ்வளவுகோலுக்குத் தாழவில்லை.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. யாவரும் ஒருவனின் பிள்ளைகள் என்று போதித்த திருச்சபைக்குள்ளேயே சாதி குடியிருந்தது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலத் திருச்சபை ஆயர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமையைத் திருச்சபையினின்று அறவே நீக்குமாறு பணித்தார். தஞ்சையிலும் பிற இடங்களிலும் கிறித்தவர் பலரே அதனை எதிர்த்தனர். வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில் இரு சாதியார் இரு புறமாக நிற்கும் வண்ணம் கட்டப்பட்டது. அத்தடுப்பு நீங்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் வழக்கம் இன்னும் அற்றொழியவில்லை. பிறர்க்குக் கதவு திறந்தவர் தம் வீட்டுச் சுவரை இடிக்கத் தயங்கினர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. கிறித்தவப் பெருமக்களே இக்குறையை வெளிப்படையாகப் பேசிவருவது போற்றத்தக்கது.

நமக்குரிய பாடம்

நம் அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையைத் தந்துள்ளது. கிறித்தவர்க்குப் போன்றே நமக்கும் அவ்வுரிமை உண்டு. உரிமை பெற்ற நிறுவனம் தன் சமுதாயத்தின் ஏழை மாணவனைக் கைதூக்கி விடுகிறதா, பிற சமயத்து ஏழை மாணவனுக்கும் இடம் தருகிறதா என்பனவே அதன் மதிப்பை அறுதியிடும். கல்வியும் மருத்துவமும் வணிகமாகிவரும் இந்நாளில், பொருளுடையாருக்கே கதவு திறக்கும் நிறுவனம் எந்தச் சமயத்தாருடையதாயினும் அது தன்னைத் தோற்றுவித்தோரின் நோக்கத்திற்கு மாறானதே. திருச்சபை நிறுவனங்களுக்கும் நமக்கும் இவ்வெச்சரிக்கை பொதுவாகும்.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒன்று கூற விழைகின்றோம். நம் இல்லத்துப் பெண்களுக்குப் பெண் மருத்துவரே வேண்டும் என்று நாம் விரும்புகின்றோம். அவ்விருப்பம் தவறன்று. ஆனால் பத்தாம் வகுப்போடு மகளின் படிப்பை நிறுத்திவிட்டு, மருமகளின் பிரசவத்திற்குப் பெண் மருத்துவரைத் தேடி அலைவது எவ்வகை நியாயம்? யாரோ ஒருவர் தம் மகளைப் படிக்க வைத்தமையால்தான் நம் மகள் இன்று பிழைக்கிறாள். அந்த யாரோ ஒருவராக நாம் ஏன் இருத்தலாகாது?

மாணவர்களே! திண்டிவனத்தில் அன்றிரவு கதவைத் தட்டிய மூவரும் வெறுங்கையோடு திரும்பினர். கடல்கடந்து வந்த ஓர் இளம்பெண் அதனைத் தன் குற்றமாக ஏற்று, வாழ்நாள் முழுதும் அதற்கு விடை தந்தாள். உங்கள் ஊரிலும் யாரேனும் ஒருவர் ஏதேனும் ஒரு கதவைத் தட்டிக்கொண்டுதான் இருப்பார். அவர் எச்சமயத்தவர் என்று கேளாமல் எழுந்து சென்று திறப்பதற்கு வேண்டிய அறிவையும் திறனையும் பெறுவதற்காகவே நீங்கள் இங்குக் கற்கிறீர்கள் என்பதை நினைவில் கொள்வீர்களாக!