அன்ரனா உருகினால் அதுவும் சாத்தானா?

கிறிஸ்தவ வானொலி ஒன்று திடீரெண்டு நின்றால் அடுத்து வரும் அறிவித்தல் எங்களுக்கு மனப்பாடம். "எதிராளியின் தடை, ஜெபித்துக்கொள்ளுங்கள்." கீழே வங்கிக் கணக்கு இலக்கம். எது பழுது? ட்ரான்ஸ்மிற்றரா, மிக்சரா, வருசக்கணக்கா ஒருத்தரும் தூசு தட்டாத பவர் சப்ளையா? ஒரு வரி இருக்காது. படுக்கையில கிடந்து பழைய ரேடியோவைத் திருகும் அம்மம்மாவுக்கு "வாட்ஸ்அப்பில இணையுங்கோ" என்று பதில் வேற.

ஜெபத்துக்கு எதிராக நாங்கள் கதைக்கவில்லை. ஜெபிச்ச ஒரு பொறியியலாளரின் கதையைத்தான் சொல்ல வாறம்.

எக்குவடோரின் தலைநகர் கீட்டோவில் 1931 நத்தார் தினத்தன்று தொடங்கியது எச்.சி.ஜே.பி. என்ற மிஷனரி வானொலி. ஊர் 2,800 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று ஐது. ஐதான காற்றில் உயர் மின்னழுத்தம் லேசில பொறி கக்கும். 1940களின் தொடக்கத்தில் சிற்றலைக்காகப் பெரிய பீம் அன்ரனா ஒன்றைக் கட்டினார்கள். மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பது அதன் குழாய்களின் நுனிகளில்தான். அந்த நுனிகள் சுவாலைவிட்டு உருகத் தொடங்கின. செப்புக் குண்டுகளை மாட்டிப் பார்த்தும் சரிவரவில்லை.

அங்கே வேலைசெய்த கிளாரன்ஸ் மூர் 1942இல் பொசோர்ஹா என்ற கரையோர ஊருக்கு விடுமுறையில் போனார். கடவுளிடம் வழி கேட்டதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கையோட ஏறக்குறைய 100 இறாத்தல் பொறியியல் புத்தகங்களைக் கொண்டுபோனதையும் எழுதியிருக்கிறார். விடுமுறைக்கு! அங்கே பிடிபட்டதுதான் நுனியே இல்லாத அன்ரனா. கம்பியைச் சதுர வளையமாக மூடிவிட்டால் பொறி கக்க நுனி ஏது? கியூபிகல் குவாட் என்ற பெயரில் அமெச்சூர் வானொலிக்காரர் இன்றும் அதைக் கட்டுகிறார்கள்.

எங்கட ஆக்கள் இந்தக் கதையில் ஜெபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 100 இறாத்தலைப் பொசோர்ஹாவிலேயே விட்டிட்டு வந்திடுவினம்.

"காசில்லைத் தம்பி" என்பார்கள். கன்வென்சன் மேடைக்குப் பின்னால கட்டுற பிளெக்ஸுக்குக் காசு இருக்கு. உதிரிப்பாகத்துக்கும் யூ.பி.எஸ். பற்றரிக்கும்தான் இல்லை. மைக்கில் கதைப்பவர் பாஸ்டர். மழைக்குள்ள கோபுரத்தில் ஏறுகிறவன் வெறும் 'தம்பி'. அவன் சம்பளம் கேட்டால் "இது ஊழியம்" என்று வாயை அடைப்பார்கள். அவன் வெளிநாடு போன கையோட நிலையம் ஊமையாகும். அதுக்கும் சாத்தான்தான் பொறுப்பாம். பாவம் சாத்தான்.

நாங்களும் உத்தமர் இல்லை. மைக்குக்கு முன்னால இருந்து பிரதி வாசிச்சிட்டு, நல்லாயிருந்தது என்று நாலுபேர் சொல்லக் கேட்டு வந்தனாங்கள். கண்ணாடிக்கு அங்கால இருந்தவனின் பெயரைக்கூட ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்தமுறை நிலையம் நின்றால் அறிவித்தலில் இதுகளைப் போடுங்கோ: எது எரிந்தது, அது எத்தனை வருசப் பழசு, திருத்த எவ்வளவு, திருத்துகிறவனுக்கு எவ்வளவு. கணக்கு இலக்கத்தை அதுக்குக் கீழே போடலாம்.