வழி யாருடையது?

சைக்கிள் உலாவுக்கு உகந்த இடங்கள் எவையென்று எடுத்துக்கூறும் உல்லாசப் பயண ஏடுகளிலே கற்பிட்டிக் குடாநாடும் இப்பொழுது இடம்பெறுகின்றது. புத்தளம் களப்பின் ஓரத்துத் தென்னைகள், உப்பளங்களில் வந்திறங்கும் பறவைகள், ஒல்லாந்தர் கோட்டை, மேடுபள்ளமற்ற வீதி என்றவாறு அவ்வேடுகளில் எல்லாம் வரிசையாக வருகின்றன. வராதவர் ஒருவர் உண்டு. பல பத்தாண்டுகளாக அதே வழியில் அதே வண்டியை மிதித்துவரும் உழைப்பாளியே அவர். அவர் ஏன் வரவில்லை? இஃது அற்ப வினாவாகத் தோன்றலாம். ஆனால், ஒரு வழி யாரைக் கருதி வரையப்படுகின்றதோ, அவ்வழியோரத்து நிலமும் நீரும் காலப்போக்கில் அவருக்கே உரியனவாகிவிடுகின்றன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மலைநாட்டில் இதனை முன்னரே கண்டோம். 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கமும் உருவாயின. பழைய மஸ்கெலியா நகரம் மவுஸ்ஸாக்கலை நீரின் அடியில் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றும்பொழுது பழைய கோயில் இன்றும் தலைகாட்டுகின்றது. அந்நீரில் பிறந்த மின்சாரம் நாட்டுக்குச் சென்றது. இன்றோ அந்நீர்த்தேக்கங்களைச் சுற்றி வளைந்து செல்லும் தோட்ட வீதிகள் சைக்கிள் உலாவுக்குரிய வழிகள். துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில செல்வர்கள் தங்கும் விடுதிகள். சரிவிலே கொழுந்து பறிக்கும் பெண்ணும், மாலையில் அவள் திரும்பும் லயன் அறையும் இயற்கைக் காட்சியின் உறுப்புகளாகிவிட்டன. காட்சிப் பொருளாக்கப்பட்ட மனிதருக்குப் படத்தில் இடமுண்டு. வழியில் உரிமை இல்லை.

அந்தப் பார்வையே மலையிலிருந்து இறங்கி எமது கரைக்கும் வந்திருக்கின்றது. புத்தளம் களப்பு மனிதர் அணைகட்டித் தேக்கிய நீரன்று. கலா ஓயாவும் மீ ஓயாவும் வந்து விழும், 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட உவர்நீர்ப் பரப்பு அது. புத்தளம் நகரிலிருந்து தெற்கே பாலாவிக்கு வந்து, மேற்கே திரும்பி, பின்னர் வடக்கு நோக்கி நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டியை அடையும் வீதி அதன் ஒரு கரை. வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் நோக்கிச் செல்லும் வீதி அதன் மறுகரை. வடக்கே களப்பு கடலோடு கலப்பதால் சைக்கிளில் முழுவட்டம் வருதல் இயலாது. வட்டத்தை முடிக்க விரும்புவோர் வள்ளத்தை நாடவேண்டும். பாலாவியிலிருந்து கற்பிட்டிவரை மட்டும் ஏறக்குறைய 40 கிலோமீற்றர்.

இவ்வழியை மிதித்தவர் யார்? விடியுமுன் துறையில் மீன் வாங்கிப் பெட்டியிலிட்டுப் பின்னே கட்டிக்கொண்டு ஊரூராகக் கூவி விற்கும் வியாபாரி. உப்பளத்திலே உப்பு வாரச் செல்லும் கூலியாள். வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்பவர். பஸ்ஸை நம்பினால் பாடசாலை மணி தவறிவிடும் என்பதறிந்த மாணவர். வசதி பெற்றவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டனர். மாற வழியற்றவர் இன்னும் மிதிக்கின்றனர்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து ஒதுங்கியதும் இம்மாவட்டத்திலேதான். வீட்டையும் காணியையும் தொழிற் கருவிகளையும் இழந்து வந்தவர்கள், ஓலைக் குடிசையிலிருந்து கூலி தேடிப் புறப்பட்டனர். அத்தகைய வாழ்விலே சைக்கிளின் பெறுமதி என்ன? பழைய வண்டியொன்று கைக்கு வந்தவர் பத்து மைலுக்கு அப்பாலுள்ள தோட்டத்திலும் வேலை கேட்கலாம். வராதவர் அண்டையிலுள்ளவர் கொடுத்த கூலியைப் பேசாமல் ஏற்கவேண்டும். ஆகவே சைக்கிள் வெறும் வாகனமன்று. தன் உழைப்பின் விலையைப் பேசுவதற்கு உழைப்பாளிக்குக் கிடைத்த சிறு வலிமை அது.

காற்றையே எடுத்துக்கொள்வோம். மே முதல் செப்தெம்பர்வரை வீசும் சோழகக் காற்றை நாடி, பட்டத்தின் இழுவையில் நீர்மேற் சறுக்கும் விளையாட்டுக்காரர் பல நாடுகளிலிருந்து கற்பிட்டிக்கு வருகின்றனர். அதே காற்று, கற்பிட்டியில் மீன் வாங்கித் தெற்கே வரும் வியாபாரிக்கு எதிர்காற்று. பெட்டியில் ஐஸ் உருக உருக, மீனின் விலை இறங்க இறங்க, அவர் மிதிக்கின்றார். ஒருவர் பணங்கொடுத்து வாங்கும் இன்பம், மற்றவர் கூலியின்றிச் செலுத்தும் உழைப்பு!

நுரைச்சோலை அனல் மின்னிலையத்தின் முதலாம் பகுதி 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் அதன் கொள்ளளவு 900 மெகாவாற்றாயிற்று. அங்கு எரியும் நிலக்கரியின் சாம்பலைச் சீமெந்து உற்பத்திக்கு ஏற்றிச் செல்லும் கனரக வாகனங்களும், மரக்கறி ஏற்றும் லொறிகளும், விடுதிகளுக்கு விரையும் வான்களும் இக்குடாநாட்டின் வீதியிலேதான் ஓடவேண்டும். பின்னால் ஹோர்ன் ஒலித்தால் தாரின் விளிம்பை விட்டு மணலில் இறங்கவேண்டியவர் யார்? பாரம் கட்டிய சைக்கிளின் சில்லு மணலில் புதையும் என்பது அவ்வழியே சென்ற எவருக்கும் தெரியும். வீதிக்குத் திட்டம் வரைபவருக்கு மட்டும் அது தெரியாதா?

இதனோடு இன்னொன்றையும் சேர்த்து நோக்கவேண்டும். கற்பிட்டி ஒருங்கிணைந்த உல்லாசப் பயணத் திட்டம் 14 தீவுகளைத் தன் வரைபடத்தினுள் அடக்கிக்கொண்டது. மீன்பிடிக் குடும்பங்கள் காணிகளையும் கடலுக்குச் செல்லும் பாதைகளையும் இழப்பதாக மீனவர் அமைப்புகள் குரலெழுப்பின. வலையைத் தோளிலிட்டு ஒருவர் நடந்துசென்ற ஒற்றையடிப் பாதைக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. அவருடைய தந்தையும் பாட்டனும் நடந்தார்கள் என்பதே அதன் பத்திரம். அங்கே வேலி எழுந்துவிட்டால், அடுத்த வரைபடத்தில் அப்பாதை இராது. அதனருகே, விடுதியிலிருந்து கடற்கரைக்கு உலாச் செல்லும் புதிய சைக்கிள் வழியொன்று அழகிய கோடாகத் தோன்றினும் தோன்றும். பழைய பாதையை அழித்த கையே புதிய பாதையை வரைவதைத்தான் எதிர்க்கின்றோமே அன்றி, சைக்கிளில் வரும் விருந்தினரை அன்று. அவர் நல்லவராகவே இருக்கலாம். புகையின்றி, இரைச்சலின்றி வருகின்றார். அவருடைய நற்பண்பைத் திரையாக்கி, அதன் பின்னே கரையை விலைபேசுவோரையே குற்றஞ்சாட்டுகின்றோம்.

"உல்லாசப் பயணத்தால் ஊருக்கு வருமானம் வருமே" என்பர் சிலர். வரட்டும். எவருடைய கைக்கு எவ்வளவு வருகின்றதென்ற கணக்கும் உடன் வரட்டும். மற்றொரு சாரார் நம்மவரே. "வறுமையும் கடனும் நாட்டை நெரிக்கும் வேளையில் சைக்கிள் பாதையைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்பர் அவர்கள். இவர்களுக்கு வரலாறு விடை கூறும்.

1894இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே 'கிளாரியன்' என்ற சோசலிச ஏட்டின் வாசகர்கள் சைக்கிள் கழகம் அமைத்து, ஊரூராகச் சென்று பிரசுரங்களைப் பரப்பினர். 1932இல் மான்செஸ்டர்ப் பகுதித் தொழிலாளர் இளைஞர்கள், நிலப்பிரபுக்களின் பறவை வேட்டைக்கென மூடப்பட்டிருந்த கிண்டர் மலையிலே தடையை மீறிக் கூட்டமாக ஏறினர். ஐவர் சிறை சென்றனர். நாட்டுப்புறத்திலே பொதுமக்களின் நடைவழிகளைப் பதிந்து பேணும் சட்டம் அந்நாட்டில் 1949இல் வந்தது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினர். பஸ்ஸுக்கும் ஆணுக்கும் காத்திராமல் சந்தைக்குச் செல்லவும், தண்ணீர் கொண்டுவரவும், பிள்ளையைப் பாடசாலையில் விடவும் அவர்களால் முடிந்தது. வழியைப் பற்றிய பேச்சு விடுதலையைப் பற்றிய பேச்சே என்பதற்கு இவற்றிலும் மேலான சான்று வேண்டுமா?

நமது நாட்டிலும் ஒரு பாடம் கிடைத்தது. 2022இல் பெற்றோல் தீர்ந்து, ஜூன் இறுதியிலிருந்து இரு வாரங்கள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தபொழுது, சைக்கிளைப் புகழாத வாய் இல்லை. உத்தியோகத்தரும் வைத்தியரும் மிதித்தனர். சைக்கிளின் விலை ஏழை தொடமுடியாத உயரத்துக்கு ஏறியது. பின்னர் எரிபொருள் வந்தது, புகழ்ச்சி நின்றது. வசதியுள்ளோரின் இடருக்கு உதவியபொழுது தேசிய வாகனமாக விளங்கிய சைக்கிள், மறுபடியும் ஏழையின் வாகனமாகி வீதியோரத்துக்குத் தள்ளப்பட்டது.

எமது கோரிக்கை எளியது. களப்பைச் சுற்றிச் சைக்கிள் வழி அமைப்பதாயின், முதலில் வேலைக்கும் பாடசாலைக்கும் செல்பவருக்காக அமையட்டும். பாலாவியிலிருந்து கற்பிட்டிவரை பாரவண்டிக்கு அஞ்சாமல் மிதிக்கத்தக்க உறுதியான ஓரம் வேண்டும். இருளில் விளக்கு வேண்டும். துறைக்கும் களப்புக்கும் செல்லும் பழைய பாதைகள் யாவும் பொதுவழிகளாகப் பதியப்பட வேண்டும். அத்தகைய வழியில் விருந்தினரும் இன்பமாக வரலாம்; மணலில் இறங்கவேண்டிய அவசியம் எவருக்கும் இராது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதற்கு அரசின் ஆணையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரு வாரம் காலையில் பாடசாலை வாயிலில் நின்று, சைக்கிளில் வருவோர் எத்தனை பேர், எவ்வூரிலிருந்து, எவ்வளவு தூரம், வழியில் ஆபத்தான இடம் எது என்று எழுதுங்கள். உப்பளத்துக்குச் செல்வோரையும் மீன் விற்போரையும் கேளுங்கள். கடலுக்குச் செல்லும் பாதைகளை முதியோர் சொல்லக் கேட்டு வரையுங்கள். வேலி மறித்த இடங்களையும் குறியுங்கள். புவியியற் பாடத்துக்கு இதனிலும் சிறந்த பயிற்சி இல்லை. அவ்வரைபடத்தைப் பிரதேச சபையின் முன்னும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் முன்னும் வையுங்கள். உல்லாசப் பயண ஏடு மறந்த மனிதர் அதில் பெயரோடும் ஊரோடும் இருப்பார். அவரை விலக்கி இனி ஒரு கோடும் வரையமுடியாது என்று சொல்லும் துணிவு நமக்கு அப்பொழுது வரும்.