கலாத்தியா கரையில் யாருக்கு மனை?

கிரேட் நிகோபார் தீவில் ஒரு விமான நிலையம் வரப்போகிறது. நெரிசல் நேரத்தில் மணிக்கு 4,000 பயணிகளைக் கையாள வேண்டும் என்பது கணக்கு. தீவில் இப்போது வசிப்பவர்களோ ஏறத்தாழ 8,000 பேர். கைக்குழந்தை முதல் கிழவி வரை மூட்டை கட்டிக் கிளம்பினாலும் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு அந்த நிலையம் யாருக்கு?

விடை, விமான நிலையத்தோடு துறைமுகமும் நகரியமும் சேர்ந்த கிரேட் நிகோபார் திட்டத்தின் நில அளவிலேயே இருக்கிறது. ரூ.72,000 கோடி மதிப்பீட்டில் தொடங்கிய இத்திட்டத்துக்கு ஒதுக்கப்படும் 166 சதுர கி.மீ.யில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு எட்டு சதுர கி.மீ.கூட இல்லை. ஏறத்தாழ 150 சதுர கி.மீ. குடியிருப்பு, வணிகம், சுற்றுலா எனப் பிரிக்கப்படும் நகரியத்துக்குப் போகிறது. முப்பது ஆண்டுகளில் அங்கே மூன்றரை லட்சம் பேர் வாழ்வார்களாம். மேடையில் பேசுவதெல்லாம் துறைமுகமும் தேசப் பாதுகாப்பும். வரைபடத்தை விரித்தால் கண்ணில் படுவது மனைப்பிரிவு.

மலாக்கா நீரிணையின் வாசலில் இந்தியா விழிப்பாக இருக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கென்றே இத்தீவின் கேம்பல் பேயில் ஐஎன்எஸ் பாஸ் கடற்படை விமானத் தளம் 2012 முதல் இயங்குகிறது. அதன் ஓடுபாதையை நீட்டுங்கள், கப்பல்துறையை விரிவாக்குங்கள். ஆனால் இத்திட்டத்தின் அனுமதியை ஆராயப் பசுமைத் தீர்ப்பாயம் 2023இல் அமைத்த உயர்நிலைக் குழுவின் அறிக்கையைப் பாதுகாப்புக் காரணம் காட்டி அரசு மூடி வைத்தது. கடற்படைத் தளத்துக்கு ரகசியம் வேண்டும், சரி. சுற்றுலா விடுதிக்கு என்ன ரகசியம்?

நகரியத்துக்கும் மற்றவற்றுக்குமாக ஒதுக்கப்படுவது 130 சதுர கி.மீ. மழைக்காடு. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஈடாக ஹரியாணாவில் மரம் நடுவார்களாம். துறைமுகம் வரும் கலாத்தியா விரிகுடாவோ ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் கரை. முதுகில் ஏழு வரிமேடுகள் ஓடும் அந்தப் பெரிய ஆமை, இரவில் மணலேறிக் குழி தோண்டி, முட்டையிட்டு மூடிவிட்டு விடிவதற்குள் கடலுக்குத் திரும்பும். அந்தக் கரைக்கு இருந்த சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. மறு ஆண்டே லிட்டில் நிகோபாரில் ஆமைகளுக்குப் புதிய சரணாலயம் அறிவித்தார்கள். ஆமைகளுக்கு முகவரி மாற்ற அறிவிப்பை யார் கொண்டுபோய்க் கொடுத்தார்களோ!

மனிதர்கள் விஷயத்தில் இந்தக் கேலிக்கும் இடமில்லை. 2004 ஆழிப்பேரலைக்கு முன்பு தீவின் தெற்கிலும் மேற்குக் கரையிலும் நிகோபாரி மக்களின் ஊர்கள் இருந்தன. பிழைத்தவர்களைக் கேம்பல் பே அருகே தகரக் கொட்டகைகளில் வைத்தார்கள். பிறகு அரசுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அவர்கள் கேட்பது ஒன்றே: எங்கள் ஊருக்கே திரும்ப விடுங்கள். அந்த மண்ணும் திட்டத்துக்குள் வருகிறது என்பதைச் சொல்லாமலேயே ஒப்புதல் வாங்கினார்கள் என்று அவர்களின் பழங்குடி மன்றம் குற்றம்சாட்டியது. 2022 ஆகஸ்டில் கொடுத்த தடையின்மைச் சான்றை நவம்பரில் திரும்பப் பெற்றது. அதே மாதம் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்துவிட்டது! காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர். வெளியாரின் சாதாரணக் காய்ச்சலே அவர்களுக்கு எமனாகலாம். அவர்கள் பக்கத்தில் மூன்றரை லட்சம் பேரைக் குடிவைப்பதற்கு வளர்ச்சி என்று பெயர்.

குடிவருபவர்களின் கதி என்ன என்பதும் கேள்விதான். ஆழிப்பேரலையைக் கிளப்பிய நிலநடுக்கத்தில் இந்தத் தீவின் தென்முனை சுமார் 15 அடி தாழ்ந்துபோனது. இந்திரா முனையில் தரையில் நின்ற கலங்கரை விளக்கம் அன்றுமுதல் கடல்நீருக்குள் நிற்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவிலேயே அடுக்குமாடிகளுக்குக் கடைக்கால் போட நினைக்கிறார்கள்.

நகரியத்தை இத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டும். உயர்நிலைக் குழுவின் அறிக்கையை வெளியிட வேண்டும். வன உரிமைச் சட்டப்படி நிகோபாரி, ஷோம்பென் மக்களின் உரிமைகளை அங்கீகரித்து, நிகோபாரிகளைச் சொந்த ஊர்களில் குடியமர்த்த வேண்டும். துறைமுகம் தேவையா, தேவையென்றால் எங்கே என்பதையெல்லாம் அதன் பிறகு அவர்களோடு உட்கார்ந்து பேசலாம்.