பூவின்மேல் ஏற்றிய வசை

தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் புல்வெளிகளில், ஈரம் நிற்கும் இடம் பார்த்து ஓர் ஆர்க்கிடு பூக்கின்றது. மரம்பற்றி வாழ்வதன்று, மண்ணுள் கிழங்கு வைத்து, அதினின்று தளிர்த்தெழும் நிலவாழ்வினம். அதற்கு ஆரி போலசு என்னும் நிலைத்திணையியலார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இட்ட பெயர் தீசா காப்பிரா.

காப்பிரா என்பதன் வேர் யாது? இறைமறுப்போன் எனப் பொருள்படும் அரபுச் சொல்லை வெள்ளையர் கைப்பற்றி, அந்நிலத்துக் கருநிற மக்கள்மேல் வசையாய் வீசினர். இன்று அங்கு அச்சொல்லை ஒருவர்மேல் எறிபவன் சிறை செல்லவும் நேரும். ஆயின் பூவின் பெயருக்குள் புகுந்துகொண்டால் மட்டும் அஃது அறிவியலாம்!

2024 சூலையில் மாத்ரிதில் கூடிய உலக நிலைத்திணையியல் மாநாட்டில் இவ்வழக்கு எழுந்தது. முதலெழுத்தை உதிர்த்து, ஆப்பிரிக்காவினது எனப் பொருள்பட 'அப்பிரா' ஆக்குக என்றனர் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர். 351 ஒப்போலைகள் சார்பாக விழுந்தன; எதிர்த்து விழுந்தவை 205. இருநூற்றுக்கு மேற்பட்ட நிலைத்திணைப் பெயர்கள் இதனால் திருந்துகின்றன.

எதிர்த்தோர் சொன்னதென்ன? பெயர் நிலைத்திருக்க வேண்டுமாம்! இதே தீசாவின் உறவான ஆர்க்கிடுகள் சிலவற்றுக்கு வானியலறிஞர் எர்சலின் பெயரால் எர்சலியா என்று ஒரு பேரினம் வகுத்தனர். அப்பெயர் முன்பே வேறொரு செடிக்கு உரியதென்று கண்டு, 1983-இல் எர்சலியாந்தே என மாற்றினர். பின்னர் அப்பேரினமே வேண்டாவென்று அனைத்தையும் தீசாவுக்குள் சேர்த்தனர். தம் வகைப்பாட்டு நெறிக்காக மும்முறை மாற்றினும் குலையாத நிலைப்பு, ஒரு மக்களின் மானத்துக்காக ஓரெழுத்தை நீக்கின் குலைந்துவிடுமோ?

போலசு இழித்துரைக்க எண்ணவில்லை, அந்நாளில் அஃது ஒரு நிலப்பகுதியின் பெயரே என்பர் சிலர். இருக்கட்டும். அவரைக் கூண்டில் ஏற்றுவார் எவருமிலர். பெயரிட்டவராக அவரே இனியும் குறிக்கப்பெறுவார். வசை யார்மேல் விழுகின்றதோ அவரன்றோ அதன் எடையை அறிவார்? (காப்பிரி, காப்பிலி என்று நம் அகரமுதலிகளிலும் ஈழத்துப் பேச்சிலும் அதே சொல் குடியிருப்பதை ஈண்டு மறத்தலாகாது. சுருண்ட மயிரைக் கண்டு அப்படி நகைப்போர் இன்றும் உளர்.)

மாநாடு செய்ததும் அரைப்பணியே. இழிவான பெயர்களை ஆய்ந்து விலக்கவென ஒரு குழு அமைத்தனர். அதுவும் 2026 முதல் வெளியாகும் பெயர்களுக்கு மட்டுமே. இலின்னேயசு நூல் வெளியிட்ட 1753 முதல் 2025 ஈறாக இட்ட பிற வசைப்பெயர்கள் அக்குழுவின் வாயிலைத் தட்டவும் இயலாது. அவ்வாயிலைத் திறக்க அடுத்த மாநாட்டுக்குள் முறையீடு எழுதப்பட வேண்டும்.