செட் கடைக்கு எத்தனை நட்சத்திரம்?

மூவாயிரம் பீஸ் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று கப்பலேறத் தயாராக இருக்கிறது. பையர் அனுப்பிய ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்சனுக்கு வருகிறார். எந்தப் பெட்டியைப் பிரிப்பது என்று கம்பெனிக்காரர் சொல்ல முடியாது, வந்தவர்தான் கைகாட்டுவார். 125 பீஸ் மேசைக்கு வரும். தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை உண்டா, கழுத்துப்பட்டி அளவு சரிதானா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பார். ஏ.கியூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்று பேசியிருந்தால், பெரிய குறை உள்ள பீஸ் 7 வரை இருக்கலாம். எட்டாவது கிடைத்துவிட்டால் மொத்த ஆர்டரும் ஃபெயில். திருப்பூரை அடுத்த குன்னத்தூர், பெருமாநல்லூர், ஊத்துக்குளி வட்டாரத்தில் பனியன் கம்பெனி வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துபடி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் தளவாடக் கொள்முதலுக்காகப் பயன்படுத்திய மாதிரிச் சோதனை அட்டவணைகளின் வழியில் வந்தது இது, இன்றைக்கு ஐ.எஸ்.ஓ. 2859 என்ற பெயரில் உலகம் முழுக்க நடக்கிறது.

இந்த அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், புதிதாகத் திறந்த சாண்ட்விச் கடையில் உட்காருகிறார். தட்டு வர இருபது நிமிடம் ஆகிறது. செல்பேசியை எடுக்கிறார். ஒரு நட்சத்திரம். கீழே ஒற்றைச் சொல்: 'மோசம்'. எது மோசம்? ரொட்டியா, உள்ளே வைத்ததா, விலையா, காத்திருந்த நேரமா? எழுதவில்லை. கம்பெனியில் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்திருந்தால் அவரே சண்டைக்குப் போயிருப்பார்.

வாடிக்கையாளர் கருத்து சொல்லக் கூடாது என்பது என் வாதமல்ல. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவருக்கு அந்த உரிமை முழுதாக உண்டு. ஆனால், சிறிய ஊரின் சிறிய கடைக்கு இன்று வேறெந்த அதிகாரியையும்விடக் கடுமையான இன்ஸ்பெக்டர் இந்த நட்சத்திரம்தான். அந்த இன்ஸ்பெக்டரிடம் அட்டவணையும் இல்லை, மாதிரி எடுக்கும் முறையும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை.

சாண்ட்விச் நமக்கு அந்நியச் சரக்கு என்று சிலர் சொல்வதுண்டு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சாண்ட்விச் பிரபு பெயரால் வந்தது என்பது உண்மை. ஆனால் இரண்டு பக்கம் மொறுமொறு, நடுவில் காய், இடையில் சட்னி என்ற ஏற்பாட்டை நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. சேலத்துத் தட்டுவடை செட்டைப் பாருங்கள். உள்ளங்கை அளவு தட்டுவடை ஒன்று, அதன்மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மல்லித்தழை. மேலே இன்னொரு தட்டுவடை வைத்து ஓர் அமுக்கு. பூண்டு செட், முறுக்கு செட், மாங்காய் செட், முட்டை செட், எல்லாவற்றையும் உடைத்துக் கலக்கும் நொறுக்கல் என்று அது கிளைவிட்டுக்கொண்டே போகிறது. கரூரில் இதன் பங்காளிக்குக் 'கரம்' என்று பெயர். ஈரோடு, திருப்பூர் பக்கமும் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் செட் இப்போது நிலைத்துவிட்டது.

செட் வண்டியில் வாடிக்கையாளர் கருத்து எப்படிப் பரிமாறப்படுகிறது என்பதுதான் இங்கே முக்கியம். கடைக்காரர் கையில் தட்டுவடை இருக்கும்போதே விமர்சனம் தொடங்கிவிடும். "அண்ணா, காரம் தூக்கலா வைங்க", "பீட்ரூட் வேண்டாங்க, வெங்காயம் சேத்திப் போடுங்க." ஒரு கடி கடித்ததும் அடுத்தது: "நேத்து மாதிரி இல்லீங்களே?" அவர் பதில் பேசாமல் சட்னிக் கரண்டியை நீட்டுவார். குறை சொன்னதும் அதைச் சரிசெய்ததும் அரை நிமிடத்தில் முடிந்தன. எழுத்தில் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் அடுத்த செட் அந்த வாய்க்கு ஏற்றபடி வரும்.

கூடாரம் போட்டு, விளக்குத் தொங்கவிட்டு, பன்னீர் தந்தூரி, சீஸ் சோளம், சாக்லேட் என்று பட்டியல் நீட்டும் புதுமை சாண்ட்விச் கடைக்கு இந்த வசதி கிடையாது. சமைப்பது உள்ளே, சாப்பிடுவது வெளியே. கருத்தோ கடையைச் சாத்திய பிறகு, இரவு பதினொரு மணிக்கு, கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதப்படுகிறது.

புதுமைக் கடைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு; யாரும் அதிகம் பேசாத சிக்கல் அது. இட்லி எப்படி இருக்க வேண்டும் என்பதில் குன்னத்தூரில் இரண்டு கருத்து இருக்காது. பூப்போல இருந்தால் நல்லது, கல்லாக இருந்தால் கெட்டது. அதனால் இட்லிக் கடைக்கு நூறு பேர் போட்ட நட்சத்திரத்தின் சராசரி உருப்படியான தகவல். சாக்லேட்டும் சீஸும் சேர்ந்த சாண்ட்விச்சுக்கு அப்படி ஒரு பொது அளவுகோல் ஏது? கல்லூரிப் பெண் ஒருத்தி 5 போடுவாள்; அவளைக் கூட்டிவந்த பெரியப்பா 1 போடுவார். இரண்டுமே நேர்மையான கருத்து. பத்துப் பேரில் ஐந்து பேர் 5, ஐந்து பேர் 1 போட்டால் சராசரி 3. பக்கத்துக் கடையில் பத்துப் பேரும் 'ஏதோ பரவாயில்லை' என்று 3 போட்டாலும் சராசரி அதே 3. ஒன்று பாதி ஊர் கொண்டாடும் கடை, மற்றது யாருக்கும் நினைவில் நிற்காத கடை. செல்பேசித் திரையில் இரண்டும் ஒன்றே. புதிதாக எதையும் முயலாதவனுக்குச் சாதகமான கணக்கு இது. சிற்றூர்களில் திறக்கும் புதுக் கடைகள் சில மாதங்களில் தங்கள் பட்டியலைச் சுருக்கி, எல்லோரும் விற்கும் ஃபிரைடு ரைஸில் வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எண்ணிக்கை குறைவு என்பது அடுத்த தொல்லை. பெருநகரக் கடை ஒன்றுக்கு 400 பேர் கருத்திட்டு, சராசரி 4.5 என்றால், கோபத்தில் ஒருவர் 1 போட்டாலும் திரையில் 4.5 அசையாது. சிற்றூர்க் கடைக்குப் பத்துப் பேர் 5 போட்டிருக்கும்போது அதே கோபக்காரர் வந்தால், ஒரே இரவில் 5 என்பது 4.6 ஆகிவிடும். இன்ஸ்பெக்சன் மேசையில் மூவாயிரம் பீஸுக்கு 125 பார்க்காமல், பையரின் ஆள் கண்ணில் பட்ட ஒரே பீஸை வைத்துத் தீர்ப்பு எழுதினால் திருப்பூரில் எந்தக் கம்பெனி நிலைக்கும்?

இதெல்லாம் வெறும் மானப் பிரச்சினையா, வியாபாரத்தைத் தொடுமா என்று கேட்கலாம். தொடும். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருவாய்க் கணக்கையும் யெல்ப் தளத்தின் நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு கூடுகிறது என்பது அவர் கண்டது. அதைவிட முக்கியமான முடிவு ஒன்றும் அதில் இருந்தது: இந்த விளைவு தனிக் கடைகளுக்குத்தான், பல ஊர்களில் கிளை வைத்த சங்கிலி உணவகங்களை நட்சத்திரம் பாதிக்கவில்லை. ஏனென்றால் அவற்றின் ருசி எப்படி இருக்கும் என்று வருகிறவருக்கு முன்பே தெரியும். பெயர் தெரியாத கடைக்குத்தான் நட்சத்திரம் முகவரி. திருப்பூரிலிருந்து கோபி போகும் சாலையில் புதிதாகப் பலகை மாட்டிய கடையை இதில் எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்லத் தேவையில்லை.

பணம் இருக்கும் இடத்தில் பொய்யும் வந்து சேரும். லூகாவும் ஜார்ஜியாஸ் செர்வாஸும் பாஸ்டன் நகரக் கருத்துகளை ஆராய்ந்தபோது, உணவகக் கருத்துகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டை யெல்ப் தளமே சந்தேகத்தின் பேரில் ஒதுக்கியிருந்தது. 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் செய்தது இன்னும் வேடிக்கை. தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை 'தி ஷெட் அட் டல்விச்' என்ற உணவகமாக டிரிப்அட்வைசரில் பதிந்தார். ஷேவிங் நுரையை வைத்து 'உணவுப்' படங்கள் எடுத்தார். நண்பர்களைக் கொண்டு கருத்து எழுதவைத்தார். இல்லாத அந்தக் கடை, லண்டனின் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்களில் முதலிடத்துக்கு வந்தது. மேசை கேட்டு ஃபோன் வேறு வந்துகொண்டிருந்தது.

நம் நாட்டில் இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. கருத்து எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்ப்பது, காசு கொடுத்து எழுதவைத்தவற்றைத் தடுப்பது, பாதகமான கருத்துகளை மறைக்காமல் இருப்பது என நல்ல விதிகள் பல அதில் உண்டு. ஆனால் வெளிவந்தபோது அது விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் இருந்தது. விருப்பப்பட்டால் தரம் பார்க்கலாம் என்று எந்த பையராவது சொல்லியிருக்கிறாரா?

யாருடைய கருத்து பதிவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு செட் வண்டிக்கும் பேக்கரிக்கும் வருகிறவர்களில் பெரும்பகுதி கைமடி, செக்கிங், தையல் வேலை பார்ப்பவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் இளைஞர்கள். வாரம் தவறாமல் வந்து, கடையை வாழவைக்கிறவர்கள் இவர்களே. இவர்களில் எத்தனை பேர் நட்சத்திரம் போடுகிறார்கள்? பிடித்தால் மறுபடி வருவார்கள், பிடிக்காவிட்டால் வர மாட்டார்கள். அதுதான் அவர்கள் கருத்து. கார் நிறுத்தி ஒருமுறை சாப்பிட்டுவிட்டு, 'ஏ.சி. இல்லை' என்று எழுதிவிட்டுப் போகிறவரின் கருத்துதான் உலகத்துக்குத் தெரிகிறது. கடைக்காரர் அந்த ஒருவரைத் திருப்திப்படுத்த ஏ.சி. மாட்டி, விலையை ஏற்றினால், ஐம்பது பேர் சத்தமில்லாமல் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார்கள்.

இதுவரை சொன்னது கடைக்காரர் பக்க நியாயம். அவர்களுக்குக் கசக்கும் ஒன்றும் உண்டு. நாக்கு எல்லாவற்றையும் கண்டுபிடிக்காது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு வாடிக்கையாளர்கள் ஐந்து ஐந்தாக அள்ளிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சால்மொனெல்லா போன்ற கிருமிகளின் ஆபத்தைச் சொல்லி, 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு தடை போட்டது. சாண்ட்விச்சின் வழுவழுப்பில் பாதி அந்த மயோனைஸ்தான். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது, காரணம் ரோடமைன்-பி. ஜவுளிக்குப் போடும் சாயம் அது. சாயத்தோடு புழங்கும் இந்த வட்டாரத்துக் குழந்தைகளும் அந்த நிறத்தைப் பார்த்துத்தானே கை நீட்டியிருப்பார்கள்?

திருப்பூருக்கு இது பழைய பாடம். பல்லாண்டுகள் பையர்களின் ஆட்கள் வந்து தையலைப் பார்த்தார்கள், அளவைப் பார்த்தார்கள், சாயம் போகிறதா என்று தேய்த்துப் பார்த்தார்கள்; பாஸ் போட்டார்கள். அந்த மேசையில் நொய்யல் ஆறு இல்லை. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவு எந்த இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட்டிலும் குறையாக எழுதப்படவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. வாங்குகிறவருக்குத் திருப்தி என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. சமையலறைச் சுத்தத்தைப் பார்க்க உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும். அந்த வேலையை நட்சத்திரங்களிடம் விட்டுவிட்டு அரசு ஒதுங்க முடியாது.

கடைக்காரர்கள் ஒன்றை மட்டும் கம்பெனிகளிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஃபெயில் ஆன ஆர்டரின் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் மெர்ச்சண்டைசர் பையரைத் திட்டிக் கடிதம் எழுதுவதில்லை. எந்தக் குறை எந்த லைனில் நடந்தது என்று பிரித்துப் பார்க்கிறார். ஒரு நட்சத்திரக் கருத்துக்குக் கீழே 'நீங்கள் எதிர்க்கடையின் ஆள்' என்று பதில் எழுதும் உரிமையாளர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எதிர்க்கடைக்காரராகவே இருக்கட்டும். ரொட்டி அன்றைக்குக் காய்ந்திருந்ததா இல்லையா?

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஊர்க் கடையில் சாப்பாடு சரியில்லை என்றால், முதலில் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் காது கொடுக்காவிட்டால் எழுதுங்கள். எந்தப் பண்டம், எந்த நாள், எந்த நேரம், என்ன குறை என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். பிடித்திருந்தால் அதையும் அதே விவரத்தோடு எழுதுங்கள். நல்ல கடைக்காரருக்கு அது கிடைப்பதே அரிது. சாப்பிட்டு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் மட்டும் நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுங்கள்.